கலங்காத்த உள்ளுறை

தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என இருவகைப்படுத்தினார். வெளிப்படையாகக் கூறப்பெறாமல் கருப்பொருளுக்குள் மறைந்து நின்று செய்யுளின் கருத்தைத் தாங்குவது உள்ளுறை. தொழிற்கூடங்களில் பொருள்களைப் பெருமளவிற் கொட்டிக் கலக்கும் கலங்களின் உட்புறத்தே பொருத்தப்படும் காப்புத் தகடு, பூச்சு, உறை ஆகியவற்றைக் குறிக்கவும் இச்சொல் நன்கு பொருந்தும். அவையும் வெளியே தெரிவதில்லை. ஆயினும் கலத்தின் வாழ்வு அவற்றையே சார்ந்துள்ளது.

உள்ளுறைக்குப் பணிகள் இரண்டு. கலத்துள் விழும் பொருள் கலத்தை அரித்துவிடாமற் காப்பது ஒன்று. கலம் தன்னுள் விழும் பொருளைக் கெடுத்துவிடாமற் காப்பது மற்றொன்று. மணலும் கல்லும் இரும்பைத் தேய்க்கும். ஆகவே கலத்தைக் காக்க வேண்டும். புளியும் மோரும் செம்பிற் பட்டால் நஞ்சாகும். ஆகவே உணவைக் காக்க வேண்டும். இவ்விரு பணிகளையும் செய்யும் உள்ளுறை, தான் தேய்ந்தபின் கழற்றியெறியப்பட்டு, அதன் இடத்திற் புதியது பொருத்தப்படும். தேய்வதே அதன் தொழில்.

இத்தகைய உள்ளுறைகளின் வரலாற்றில் பினாங்குத் தீவுக்குச் சிறப்பான ஓர் இடம் உண்டு. உலகம் உள்ளுறையாகப் பயன்படுத்திய பொருள்களுள் தலையாயவை வெள்ளீயமும் ரப்பரும் ஆகும். இவ்விரண்டும் பினாங்குத் துறைமுகத்தின் வழியே கப்பலேறிய பொருள்கள். ஈயமும் ரப்பரும் ஏற்றுமதியாயின என்று பாடநூல்கள் கூறும். ஏற்றுமதியான பின் அவை என்னவாயின என்பது பெரும்பாலும் கூறப்படாத செய்தி.

பாயான் பாருவும் கருங்கல்லும்

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் உள்ளது பாயான் பாரு. ஒருகாலத்தில் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்திருந்த பகுதி இது. 1969ஆம் ஆண்டில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 1972இல் அருகிலுள்ள பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் உருவாயிற்று. அங்குப் பணிபுரிவோர் குடியிருக்கும் புதுநகராகப் பாயான் பாரு எழுப்பப்பட்டது. 1985இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. 2014இல் பத்து மாவுங்கிலிருந்து பத்து காவானுக்கு இரண்டாம் பாலமும் அமைந்தது. அடுக்குமாடி வீடுகள், ஆலைகள், பாலங்கள் என அனைத்தும் கான்கிரீட்டால் ஆனவை. அத்தனை கான்கிரீட்டும் ஏதோ ஒரு கலவைக் கலத்துள் சுழன்று வந்ததே.

பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆன தீவு. கருங்கல்லில் குவார்ட்சு என்னும் கனிமம் நிறைந்திருக்கும். ஆற்று மணலிலும் பெரும்பகுதி அதுவே. கனிமங்களின் வன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சின் வன்மை 7. சாதாரண எஃகின் வன்மையோ ஏறத்தாழ 4 முதல் 5 வரையே. வன்மை மிக்க பொருள் மெலிந்த பொருளைக் கீறும் என்பது இயற்கை விதி. எனவே எஃகுக் கலத்துள் சல்லியும் மணலும் நாள்தோறும் சுழன்றால், தேய்வது கல்லன்று, கலமே. உள்ளுறை இல்லாத கலவைக் கலம் விரைவில் ஓட்டையாகிவிடும்.

தட்டைவடிவக் கலவைக் கலத்தின் அடியிலும் பக்கங்களிலும் தகடுகள் ஓடு பரப்பியதுபோல் அடுக்கப்பட்டுத் திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றின்மேல் கலக்கும் அலகுகள் சுழலும். அலகுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி சில மில்லிமீட்டரே. தகடு தேயத் தேய அந்த இடைவெளி அகலும். அதிற் கல் சிக்கினால் அலகு முறியும். கலவையும் சீராக அமையாது. ஆகவே இடைவெளியை அளந்து அலகைத் தாழ்த்துவதும், உரிய காலத்தில் தகட்டை மாற்றுவதும் ஆலையின் இன்றியமையாக் கடமைகள்.

சாணமும் கலாயும்

உள்ளுறை என்னும் கருத்து எந்திர காலத்துக்கு மிக முற்பட்டது. தமிழகத்து உழவர் வீடுகளில் மூங்கிற் கூடையின் உட்புறத்தைச் சாணத்தால் மெழுகிக் காயவைத்த பிறகே அதில் தானியம் கொட்டினர். பழுதான சுளகுக்கும் கூடைக்கும் ஊறவைத்த காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசும் வழக்கமும் இருந்தது. கூடையின் இடுக்குகள் அடைபட்டன. பூச்சு உதிர்ந்தால் மறுபடியும் மெழுகினர். கூடையோ பல ஆண்டுகள் உழைத்தது.

செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியது அடுத்த படி. இங்கு ஈயம் என்றது காரீயத்தை அன்று, வெள்ளீயத்தை. ஈயம் பூசுபவர் தெருவோரத்தில் குழிதோண்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தை மணலால் தேய்த்துத் துலக்கி, நெருப்பிற் காய்ச்சி, நவச்சாரத் தூளைத் தூவி, ஈயத் துண்டை உள்ளே தேய்ப்பார். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும் இயல்புடையது; ஆகையால் சூடேறிய பாத்திரத்தில் உடனே இளகிப் பரவும். துணியால் ஒருமுறை சுழற்றித் துடைத்தால் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளியென ஒளிரும். அந்த மெல்லிய பூச்சே புளிக்குழம்பு களிம்பேறாமல் ஒரு குடும்பத்தைக் காத்தது. பூச்சு தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கியதும் மீண்டும் பூசவேண்டும் என்பதை வீட்டுப் பெண்கள் நன்கறிந்திருந்தனர்.

இப்பூச்சுக்குக் கலாய் என்றொரு பெயரும் வழங்குகிறது. அரபு மொழியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது இது. அச்சொல், அரபு வணிகர் கலா என்று குறித்த மலாய்த் தீபகற்பத் துறைமுகத்தின் பெயரால் அமைந்தது என ஆய்வாளர் சிலர் கருதுவர். அத்துறைமுகம் கெடாவே என்பாரும் உளர். 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற கடாரம் அதுவே. இக்கருத்து ஏற்கத்தக்கதாயின், தமிழ்நாட்டுச் சமையற்கட்டின் ஒரு சொல்லே, பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள நிலத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது எனலாம்.

வெள்ளீயத்தின் பயணம்

1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் என்பவர் உணவைக் கலத்தில் அடைத்துக் காக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டுக் கலமும் அதில் அடங்கும். சில ஆண்டுகளுக்குள் பிரையன் டான்கின் அதைத் தொழிலாக்கினார். பிரித்தானியக் கடற்படைக்கு டப்பி உணவு செல்லலாயிற்று. இரும்பின் வலிமையும் ஈயத்தின் தூய்மையும் அந்த டப்பியில் ஒன்றுசேர்ந்தன. தெருவோரத்துக் கலாய்க்காரரின் நுட்பமே ஆலைத்தொழிலாக விரிந்தது எனினும் பிழையாகாது.

டப்பித் தொழில் வளர வளர ஈயத்தின் தேவையும் பெருகிற்று. பேராக்கின் லாருட் வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்குப் பினாங்கு வணிகரே முதலீடு செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து கிடைத்தது. சுரங்கங்களில் பெரிதும் உழைத்தோர் சீனத் தொழிலாளர். 1902இல் பட்டர்வொர்த்திலும், பின்னர் 1907இல் அமைந்த ஈஸ்டர்ன் சுமெல்ட்டிங் நிறுவனத்தின் வழியே ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் பகுதியிலும் ஈயம் உருக்கும் ஆலைகள் இயங்கின. 1984இல் கோலாலம்பூர் ஈயச் சந்தை தொடங்கும்வரை பினாங்கு விலை என்பதே உலக ஈய வணிகத்தில் பெயர்பெற்ற விலையாக விளங்கிற்று. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பொருளிழந்து வீழ்ந்தபோது ஈயத்தின் விலையும் வீழ்ந்தது; சுரங்கங்கள் பல மூடப்பட்டன.

பிற கலங்களுக்கு உள்ளுறையாகும் இந்த ஈயத்துக்கும் ஓர் உள்ளுறை தேவைப்பட்டது என்பது வியப்புக்குரியது. உருகிய ஈயம் நீர்போல் ஓடும். சிறு வெடிப்பிலும் கசிந்து புகும். இரும்போடு சேர்ந்து உருகுதற்கரிய கலப்புப் பொருளாக மாறும். எனவே உலையின் உட்புறம் நெருப்பைத் தாங்கும் செங்கற்களால் கட்டப்பட்டது. அச்செங்கற்களும் காலப்போக்கில் ஈயத்தை உறிஞ்சித் தேய்ந்தன. பெயர்த்தெடுத்துப் புதியன வைக்க வேண்டியிருந்தது. காப்பதற்கென்று பிறந்த பொருளையும் காக்க வேண்டியிருந்தது.

பால்மரத்தின் கொடை

ரப்பரின் வரலாறு 1876இல் என்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றதிலிருந்து தொடங்குகிறது. அவற்றுள் முளைத்தவை 2,700 அளவினவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி மரத்துக்கு ஊறு நேராமற் பால் எடுக்கும் முறையைச் செப்பம் செய்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகியபோது அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் திரள்திரளாக வந்தனர். 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி அவர்தம் பயணச் செலவை ஏற்றது. கப்பலில் வந்தோருட் பலர் தோட்டங்களுக்குச் செல்லுமுன் தனிமைப்படுத்தித் தங்கவைக்கப்பட்ட இடம் ஜெரெஜாக் தீவு. பாயான் பாருவுக்குக் கிழக்கே, குறுகிய கடற்காலுக்கு அப்பால் அத்தீவு இன்றும் காட்சியளிக்கிறது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை இந்த வரவு நீடித்தது.

விடியுமுன் பால்மரங்களை வெட்டி, மங்கிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, அவ்வாளிகளைத் தோளிற் சுமந்து சேர்ப்பிடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இத்தொழிலாளர்களே. அவருட் பாதிப்பேர் பெண்கள் எனினும் மிகையாகாது. பலருடைய பாலும் ஒரே தொட்டியில் ஊற்றிக் கலக்கப்பட்டது. பின் போர்மிக் அமிலம் சேர்த்து உறையவைக்கப்பட்டது. இங்கும் உள்ளுறையே தேவைப்பட்டது. அமிலம் சிமெண்டை அரிக்கும். அரிபட்ட துகள் ரப்பரில் அழுக்காகும். ஆதலால் தொட்டியின் உட்புறத்தில் வழவழப்பான பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டன. உறையவைக்கும் தொட்டிகளுக்கு அலுமினியமும் பயன்பட்டது.

செம்பும் பித்தளையும் ரப்பர் ஆலையில் விலக்கப்பட்ட உலோகங்கள். மிக நுண்ணிய அளவு செம்பு கலந்தாலும் ரப்பர் விரைவில் பிசுபிசுத்துக் கெடும். செறிவூட்டிய ரப்பர்ப்பாலின் திடப்பொருளில் பத்து இலட்சம் பங்குக்கு 8 பங்குக்குமேல் செம்பு இருத்தலாகாது என்பது அனைத்துலகத் தரவிதி. அப்பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பர். அம்மோனியாவோ செம்பைக் கரைக்கும். எஃகுத் தொட்டியில் நேரே ஊற்றினாலும் பால் நிறம் மாறும். எனவே அத்தொட்டிகளின் உட்புறத்தில் மெழுகோ வேறு காப்புப் பூச்சோ இடப்பட்டது.

1839இல் சார்லசு குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். கந்தகம் சிறிதளவாயின் ரப்பர் நெகிழும். மிகுதியாயின் எபொனைட் என்னும் கெட்டிப் பொருளாகும். இவ்விருவகையும் ஆலைக் கலங்களின் உள்ளுறையாகப் பயன்பட்டன. இரும்பைத் தின்னும் ஐதரோகுளோரிக் அமிலம் ரப்பர் உள்ளுறை இட்ட எஃகுத் தொட்டியில் அமைதியாக இருக்கும். கனிமங்களை அரைக்கும் உருளைகளில் ரப்பர் கல்லை எதிர்த்து நிற்பதில்லை; கல் மோதும்போது உள்வாங்கி, பின் மீண்டெழும். இரும்பு வன்மையால் சாதிக்க முயல்வதை ரப்பர் நெகிழ்வால் சாதிக்கிறது. சூடும் எண்ணெயும் இயற்கை ரப்பருக்கு ஆகாதவை.

எஃகும் பாலிதீனும்

1882இல் செப்பீல்டு நகரத்து இராபர்ட் ஆட்பீல்டு, ஏறத்தாழ 12 விழுக்காடு மாங்கனீசு கலந்த எஃகை உருவாக்கினார். அடிபட அடிபட மேற்பரப்பு வன்மையடைவது அதன் தனித்தன்மை. பெருங்கற்கள் ஓங்கி மோதும் இடங்களுக்கு அது உகந்தது. மோதல் குறைந்து உராய்வு மிகுந்த இடத்துக்கு நிக்கல், குரோமியம் கலந்த வெண்வார்ப்பிரும்பு ஏற்றது. ஈரமான நுண்பொருளுக்கு ரப்பரும் பாலியூரித்தேனும் பொருந்தும். நோயறிந்து மருந்து தேர்வதுபோல், தேய்வின் தன்மையறிந்து உள்ளுறையைத் தேர வேண்டும்.

1933இல் இங்கிலாந்தில் பாசெட், கிப்சன் என்னும் இருவர் பாலிதீனைக் கண்டறிந்தனர். அதன்பின் உள்ளுறை பையாகவும் மாறிற்று. மருந்துத்தூள், மாவு, சாயம் முதலியன கலக்கும் உருளைகளுள் பாலிதீன் பையை விரித்து, வேலை முடிந்ததும் அதை எடுத்தெறிந்தால் கலத்தைக் கழுவும் வேலை குறையும். முந்தைய சரக்கு அடுத்த சரக்கிற் கலவாது.

மலேசியத் தர ரப்பர்த் திட்டம் 1965இல் அறிமுகமானது. அதன்படி 33⅓ கிலோகிராம் கட்டிகளாக அமுக்கப்பட்ட ரப்பர், மெல்லிய பாலிதீன் தாளிற் சுற்றி அனுப்பப்படுகிறது. அத்தாளைப் பிரிக்க வேண்டியதில்லை. கட்டியைத் தாளோடு கலவை எந்திரத்துள் இட்டால், சூட்டில் தாள் இளகி ரப்பரோடு ஒன்றாகிவிடும். ரப்பரோடு சேர்க்கும் வேதிப்பொருள்களையும் இவ்வாறே உருகும் பைகளில் அளந்து இடுவர். தூள் பறந்து தொழிலாளியின் நெஞ்சுக்குள் செல்லாமல் அப்பைகள் தடுக்கின்றன. பொருளை இறுதிவரை காத்து, முடிவில் தன்னையும் பொருளோடு கரைத்துக்கொள்ளும் உள்ளுறை இது.

பாயான் லெப்பாசின் மின்னணு ஆலைகளில் வெள்ளீயம் மீண்டும் தோன்றுகிறது. மின்சுற்றுப் பலகைகளில் உறுப்புகளை ஒட்டவைக்கும் பற்றாசு, ஈயக் கலப்பினால் ஆனது. முன்னர் அதில் காரீயமும் சேர்ந்திருந்தது. 2006 சூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடைசெய்தபின், பெரும்பங்கு வெள்ளீயமே கொண்ட பற்றாசு பரவிற்று. அதன் சூடும் கூடுதல். துருவேறா எஃகுத் தொட்டியையும் அது அரித்தது. ஆகவே தொட்டிகளுக்கு டைட்டேனியமும் சிறப்புப் பூச்சுகளும் தேவைப்பட்டன. பழைய ஈய உலையின் சிக்கலே புதிய ஆலையிலும் வேறுருவில் எழுந்தது. சாதாரண பாலிதீன் பையோ உராய்வினால் மின்னேற்றம் பெற்று நுண்சில்லுகளைக் கெடுக்கும். அங்கு மின்னேற்றம் தங்காத பைகளே உள்ளுறையாகக் கொள்ளப்படுகின்றன.

கலத்துள் இறங்கும் மனிதர்

உள்ளுறையின் வரலாற்றைப் பொருள்களின் வரலாறாக மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. தேய்ந்த தகட்டைக் கழற்ற ஒரு மனிதர் கலத்துள் இறங்க வேண்டும். அவர் உள்ளே இருக்கையில் எவரேனும் விசையை அழுத்திவிட்டால் உயிர் போகும். இறுகிய கான்கிரீட்டை உளியால் உடைக்கும்போது எழும் தூசியில் உள்ள நுண்ணிய குவார்ட்சு நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் கழிந்தபின் ஆறாத நோயாகும். எஃகைத் தேய்த்த அதே கனிமம் மனிதரையும் தேய்க்கிறது. எஃகுக்கு மாற்றுத் தகடு உண்டு, நுரையீரலுக்கு இல்லை.

மலேசியாவில் 1994இல் இயற்றப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் தொழிலாளரைக் காக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்திற்று. அடைப்பட்ட இடங்களில் பாதுகாப்பாகப் பணிபுரிவதற்கான நடைமுறை விதி 2010இல் வெளிவந்தது. உள்ளே இறங்குமுன் மின்விசையைத் துண்டித்துப் பூட்டுவதும், காற்றைச் சோதிப்பதும், வெளியே ஒருவர் காவல் நிற்பதும் செலவைக் கூட்டும் வீண்சடங்குகள் அல்ல. அவை மனிதருக்கு இடப்படும் உள்ளுறை.

உள்ளுறையை உரிய காலத்தில் மாற்றாத ஆலை, சிறு தொகையை மிச்சப்படுத்திப் பெருந்தொகையை இழக்கிறது. தகடு முற்றும் தேய்ந்தபின் கலமே தேயத் தொடங்கும். கலத்தை மாற்றுவது தகட்டை மாற்றுவதுபோல் எளிதன்று. ஒரு நாட்டின் தொழில்வளத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். தோட்டத்திலும் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் தேய்ந்த தலைமுறைகள் மலாயாவின் செல்வத்தைத் தாங்கின. தகடுபோல் அவர்களைக் கழற்றி வைத்துவிட்டு மறப்பது அறமாகாது. அவர்களுடைய மக்கள் கற்கவும் உயரவும் வழிசெய்வதே அத்தேய்வுக்கு ஈடு.

பினாங்கின் தமிழ்ப் பள்ளிகளிற் பயிலும் பிள்ளைகளுள் பலர் பால்மரத் தோட்டத்துக் குடும்பங்களின் வழிவந்தோர். அவர்தம் முன்னோர் வெறும் வாளி சுமந்தவர் என்று அவர்கள் எண்ணுதல் கூடாது. அவ்வாளிகளில் இருந்த பால் உலகின் பல்வேறு ஆலைகளிற் கலங்களைக் காத்தது, அமிலத்தைத் தாங்கிற்று, கல்லின் அடியை ஏற்றது. ஈயமும் ரப்பரும் ஏற்றுமதியாயின என்னும் ஒற்றை வரியோடு பாடநூல் நின்றுவிட்டாலும், வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அங்கே நின்றுவிட வேண்டியதில்லை.